தபால் ஏறாத ஸ்டாம்புகள்

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் பழைய பேப்பர் கடை இருக்கிறது. யாரோ பரணைக் காலி செய்து எடைக்குப் போட்ட மூட்டை அன்றைக்குத்தான் வந்து இறங்கியிருந்தது. பழைய ரசீதுகள், பஞ்சாங்கங்கள், ஒரு கணக்கு நோட்டு. இவற்றுக்கு நடுவே மஞ்சளேறிய ஓர் உறை. முன்பக்கத்தில் வலது மேல்மூலை சதுரமாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. தபால்தலை போனதோடு அதன்மேல் குத்திய முத்திரையும் போய்விட்டது. உறையைத் திருப்பினேன். நாக்கை மடித்து ஒட்டும் இடத்தில், நாலு பக்கமும் பல் வைத்த சின்னச் சீட்டு ஒன்று பத்திரமாக இருந்தது. அதில் சிவப்பில் இரண்டு குறுக்குக் கட்டை போட்ட சிலுவை. வேலூர் வந்து சேர்ந்தபோது குத்திய வட்ட முத்திரை, பாதி சீட்டின் மேலும் பாதி உறையின் மேலுமாக விழுந்திருந்தது. டிசம்பர் மாதம், 58 என்ற இரண்டு எண்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிந்தது.

"இன்னா சார், ஸ்டாம்பு கீற மூலைய எவனோ கத்தரிச்சுக்கினு போயிட்டான். இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"பின்னாடி ஒண்ணு இருக்கு பாருங்கண்ணே."

"அது சும்மா லேபிளு சார்."

சும்மா லேபிள். என் பெட்டியில் இருப்பதில் பாதிக்கு மேல் இந்தச் சும்மா லேபிள்கள்தான். அந்த உறையின் மூலையைக் கத்தரித்தவரும் ஒரு ஸ்டாம்பு சேகரிப்பாளராகத்தான் இருந்திருப்பார். அவருக்குத் தேவைப்பட்டது அரசாங்கம் வெளியிட்ட தலை. அது அந்த ஆண்டில் கோடிக்கணக்கில் அச்சானது, இன்றைக்கும் கொத்துக் கொத்தாகக் கிடைக்கிறது. பின்னால் இருந்த சீட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் அந்த உறை எந்த மாதத்தில், எந்த ஊர்க்காரர் கைக்கு, எந்த நல்ல காரியத்துக்குக் கொடுத்த காசின் அடையாளத்தோடு வந்து சேர்ந்தது என்று இன்றைக்குச் சொல்வது அந்தச் சீட்டும் அதன்மேல் விழுந்த வேலூர் முத்திரையும்தான்.

தபால்தலையைப் போலவே பல், பசை, படம் எல்லாம் இருந்தும் தபால்தலை அல்லாதவற்றைச் சேகரிப்பாளர்கள் சிண்ட்ரெல்லா என்கிறார்கள். மாற்றாந்தாய் வீட்டில் அடுப்புச் சாம்பலில் கிடந்த பெண்ணின் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அக்காமார் விருந்துக்குப் போக, இவள் மட்டும் வீட்டில். ஆல்பத்திலும் கண்காட்சியிலும் இடம் கிடைக்காமல் வெளியே நின்ற லேபிள்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1959இல் இங்கிலாந்தில் இவற்றுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, அந்தப் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டது.

எது தபால்தலை, எது சிண்ட்ரெல்லா என்று பிரிக்க நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். வெளியிட்டது தபால் நிர்வாகமா? அதற்குக் கொடுத்த காசு கடிதத்தைக் கொண்டுபோகும் கூலிக்கா? அதை மட்டும் ஒட்டிப் பெட்டியில் போட்டால் கடிதம் போய்ச் சேருமா? 1840இல் இங்கிலாந்தில் வந்த பென்னி பிளாக்குக்கும், 1854இல் இந்தியா முழுமைக்கும் வந்த முதல் தலைகளுக்கும் மூன்று கேள்விக்கும் பதில் ஆம். என் உறையின் சிவப்புச் சிலுவைக்கு மூன்றும் இல்லை. நடுவில் நிற்பவையும் உண்டு. 1971 நவம்பரில், வங்கதேச அகதிகளுக்காக ஒவ்வொரு கடிதத்திலும் ஐந்து பைசா வரித் தலை ஒன்றைக் கூடுதலாக ஒட்டச் சொன்னார்கள். தபால் துறையே வெளியிட்டது, ஆனால் அந்தக் காசு தபால் கூலி அல்ல. 2011இல் வந்த மை ஸ்டாம்ப் திட்டத்தில் கல்யாண ஜோடியின் படம்கூடத் தலையின் பக்கத்தில் அச்சாகிறது. பார்வைக்குக் கல்யாண ஸ்டிக்கர் போல இருந்தாலும் அது செல்லுபடியாகும் தபால்தலை. அதனால் பார்வையை நம்பக் கூடாது, கேள்வியைத்தான் நம்ப வேண்டும்.

இரட்டைக் குறுக்குச் சிலுவை

அந்தச் சிவப்புச் சிலுவை காசநோய் ஒழிப்பின் உலக அடையாளம். 1902இல் பெர்லினில் கூடிய மாநாட்டில் பாரிஸ் மருத்துவர் ஒருவர் முன்மொழிந்தது. அதை ஒட்டும் சீட்டாக மாற்றும் யோசனை தொடங்கிய இடம் ஒரு தபால் ஆபீஸ் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. டென்மார்க்கில் தபால் ஊழியரான ஐனார் ஹோல்பெல், கிறிஸ்துமஸ் நேரத்தில் மலைபோல் குவியும் வாழ்த்துகளைப் பிரித்து அடுக்கும்போது, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சீட்டு கூடுதலாக ஒட்டி, அந்தக் காசு நோயாளிக் குழந்தைகளுக்குப் போனால் என்ன என்று நினைத்தார். 1904இல் அரசி லூயிசாவின் படத்தோடு முதல் சீட்டு வந்தது. அந்த ஒரு பருவத்தில் மட்டும் நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது. மூன்றே ஆண்டில், 1907இல், அமெரிக்காவில் எமிலி பிஸ்ஸெல் ஒரு சிறிய சானடோரியத்தைக் காப்பாற்ற 300 டாலர் தேவைப்பட்டு இதே வழியில் இறங்கினார். வந்து சேர்ந்தது அதைப்போல் பத்து மடங்கு.

டென்மார்க் வட ஆற்காட்டுக்குத் தொலைதூர நாடு அல்ல. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி என்றால் எல்லோருக்கும் தெரியும். 1989 வரை திருவண்ணாமலையும் வட ஆற்காடுதான். வேலூரிலிருந்து சித்தூர் தாண்டிப் போனால் வரும் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், 1915இல் திறந்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையின் முதல் தலைமை மருத்துவர் பிரிமோட் மொல்லரும் டென்மார்க்காரரே. ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முந்தைய காலத்தில், காசநோய்க்கு நல்ல காற்றும் ஓய்வும் சாப்பாடும் தவிர வேறு மருந்து கிடையாது. மாதக்கணக்கில் ஒருவரைப் படுக்கவைத்துச் சோறு போடப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைத்தான் உலகம் முழுக்க இந்தச் சீட்டுகள் காலணா அரையணாவாகச் சேர்த்தன.

இந்தியக் காசநோய்ச் சங்கம் 1939இல் தொடங்கியது. அதன் டி.பி. சீல் விற்பனை 1950இல் ஆரம்பித்தது. அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் தொடங்கி ஜனவரி 26இல் முடியும். என் உறையில் டிசம்பர் முத்திரை இருப்பது அதனால்தான் பொருந்துகிறது. எங்கள் பள்ளியில் சார் தாளைக் கிழித்து ஆளுக்கு நாலு கொடுப்பார். வீட்டில் காசு வாங்கிவந்து கட்ட வேண்டும். ஆனால் கடிதத்தில் ஒட்டியவர்கள் குறைவு. நாங்கள் நோட்டின் அட்டையில் ஒட்டினோம், ஜாமெட்ரி பாக்ஸ் மூடியில் ஒட்டினோம். அதனாலேயே, தபாலில் போய் முத்திரை விழுந்த டி.பி. சீல் ஒரு புதுத்தாளைவிட அரிது. முத்திரையின் ஒரு பாதி சீட்டிலும் மறு பாதி உறையிலும் விழுந்திருந்தால்தான், பிற்பாடு யாரும் ஒட்டிச் சேர்க்கவில்லை என்று சொல்ல முடியும். அப்படிப்பட்ட உறையிலிருந்து சீட்டைப் பிரித்தால், மிஞ்சுவது ஒரு சிவப்புச் சிலுவை மட்டும்தான்.

வேலூருக்குக் கடல் கடந்து வந்த உறைகளிலும் இப்படிச் சீல் ஒட்டியவை உண்டு. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனுக்கும், 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணிக்கும் அமெரிக்காவோடு ஓயாத கடிதப் போக்குவரத்து. அமெரிக்கக் கிறிஸ்துமஸ் சீல்களில் ஆண்டு அச்சிட்டிருக்கும். மிஷன் வளாகங்களைச் சுற்றியிருந்த வீடுகளில் பழைய கடிதக் கட்டு இருந்தால், உறையின் பின்பக்கத்தையும் பாருங்கள் என்று சொல்வேன்.

டிசம்பர் 7 கொடி நாள் சீட்டையும் இதோடு சேர்க்கலாம். 1949 முதல் முப்படை வீரர்களின் குடும்பங்களுக்காக வசூலாகிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறம். முன்பு காகிதக் கொடியைக் குண்டூசியால் சட்டையில் குத்துவார்கள், பிறகு ஸ்டிக்கர். கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். நம் மாவட்டத்தில் கொடி நாள் என்றால் அது பக்கத்து வீட்டுச் சங்கதி. ஆனாலும் சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போடும்போது அந்தச் சீட்டும் போய்விடும். அறுபதுகளின் கொடி நாள் சீட்டு ஒன்றைக் கண்ணால் பார்க்க நான் பல ஆண்டு காத்திருந்தேன்.

ராஜா முகத்தில் கைநாட்டு

ரெவின்யூ ஸ்டாம்பு அரசாங்கம் அச்சிடுவதுதான், தபால் ஆபீஸில்தான் விற்கிறார்கள். ஆனால் கடிதத்துக்குச் செல்லாது. அதனால் சிண்ட்ரெல்லா வீட்டில் இது கொஞ்சம் அந்தஸ்துள்ள உறவு. உலகப் போட்டிகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. 1906இல் வந்த ஏழாம் எட்வர்ட் அரையணா, ஒரு அணாத் தலைகளில் தபாலுக்கும் வரிக்கும் என்று சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். கடிதத்திலும் ஒட்டலாம், ரசீதிலும் ஒட்டலாம். பேனாவால் கோடிழுத்த அந்தத் தலைகளைக் கெட்டுப்போனவை என்று சேகரிப்பாளர்கள் ஒதுக்கினார்கள். அவை கெட்டுப்போனவை அல்ல, வேறு வேலைக்குப் போனவை.

1899ஆம் ஆண்டு ஸ்டாம்பு சட்டப்படி இருபது ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு அணா ஒட்ட வேண்டும். இன்றைக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய். ஒட்டினால் மட்டும் போதாது. மறுபடி பயன்படுத்த முடியாதபடி அதன்மேல் பெயரோ கையெழுத்தோ குறுக்கே போக வேண்டும் என்று அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. அதனால்தான் புரோநோட்டில் பாதிக் கையெழுத்து ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் இருக்கும்.

குடியாத்தத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பழைய புரோநோட்டு ஒன்றைக் காட்டினார்கள். ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ஒரு அணா ரெவின்யூ. ராஜாவின் முகத்தின் மேலேயே ஒரு பெண்ணின் இடது கட்டைவிரல் ரேகை, கறுப்பு மையில். விரலைச் சற்றே இடப்பக்கம் உருட்டியிருக்கிறார்கள், ரேகை ஸ்டாம்பைத் தாண்டித் தாளிலும் வழிந்திருக்கிறது. கிரீடத்தைச் சுற்றி ரேகை சுழித்துக்கொண்டு போவது பூதக்கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் வேறு யாரோ எழுதிய "இது இன்னார் கைநாட்டு" என்ற வரி. அந்த ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் மைக்கறை பிடித்த காகிதத் துண்டுதான் மிஞ்சும். தாளோடு இருக்கும்வரை, நூல் வாங்கவோ தறி வாங்கவோ ஒரு பெண் கடன்பட்ட நாளை அது வைத்துக்கொண்டிருக்கும். அதை எனக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டார்கள். உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இத்தகைய தாளைப் பிறருக்குக் காட்டும்போது பெயரையும் தொகையையும் மறைத்துக் காட்டுவதுதான் மரியாதை.

தந்திக்கும் தனி ஸ்டாம்பு இருந்தது, 1860இல் தொடங்கியது. நீளமாக, அரசியின் தலை இரண்டு வைத்து, நடுவில் வெட்டி மேல்பாதியை ரசீதிலும் கீழ்பாதியைத் தந்தித் தாளிலும் ஒட்டுகிற மாதிரி. தந்தித் தாளை ஆபீஸே அழித்துவிடும் என்பதால் மேல்பாதிகள்தான் வெளியே கிடைக்கும். அவ்வளவுதான் அதைப் பற்றி. நம் பக்கத்தில் நான் ஒன்றும் கண்டதில்லை.

தீப்பெட்டிப் படம்

நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான். சீமையில் சிண்ட்ரெல்லாவுக்குப் போட்ட வகைப்பாட்டில் தீப்பெட்டி லேபிள் இல்லை. அதற்குத் தனிப் பெயர், தனிச் சங்கம் எல்லாம் உண்டு. எனக்கு அந்தப் பிரிவினையில் உடன்பாடு இல்லை. வட ஆற்காட்டில் சேகரிப்பு என்பதே தீப்பெட்டிப் படத்தில்தான் தொடங்குகிறது. தபால்தலை வாங்கக் காசு இல்லாத பிள்ளைகள் தெருவில் கிடந்த காலிப் பெட்டியைப் பொறுக்கி, படத்தை உரித்து, அடுக்கி, ஒன்றுக்கு இரண்டு என்று மாற்றிக்கொண்டார்கள். படம் வைத்து விளையாடித் தோற்றுப் போனவன் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவான். அந்த அடுக்குதான் எங்கள் முதல் ஆல்பம்.

தீப்பெட்டி என்றால் சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும்தான் எல்லோர் நினைவிலும் வரும். குடியாத்தமும் தீப்பெட்டி ஊர். லுங்கிக்கும் பீடிக்கும் பெயர்போன அதே ஊரில் தீப்பெட்டித் தொழிலும் வேரூன்றியது. மூன்று தொழிலுக்கும் லேபிள் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தீப்பெட்டிக்கு ஒரு படம், பீடிக்கட்டுக்கு ஒரு சுற்றுத்தாள், லுங்கி மடிப்பில் ஒரு டிக்கெட். மூன்றையும் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அன்றைக்குப் படிக்கத் தெரியாதவர்கள். கடையில் போய் மயில் மார்க் கொடு, சாவி மார்க் கொடு என்று கேட்பார்கள். கம்பெனிப் பெயர் யாருக்கும் தெரியாது. படம்தான் பெயர். அதனால் படம் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். கெட்டி நிறம், ஒற்றை உருவம், மஞ்சள் அல்லது சிவப்புப் பின்னணி. ஒரு மார்க் ஓடினால் அடுத்த மாதமே அதைப் போலவே இன்னொன்று வரும், மயிலுக்குப் பதில் தோகை கொஞ்சம் குறைந்த மயில். போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள் என்று பீடி லேபிளில் முதலாளியின் போட்டோவையும் கையெழுத்தையும் அச்சிட்டது அதற்குத்தான். இந்த ஜோடிகளை, அசலையும் அதைப் பார்த்துப் போட்டதையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்ப்பது தனிச் சுகம்.

தீப்பெட்டியில் படத்தைத் தவிர இன்னொரு காகிதமும் இருந்தது. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி போட்டபோது, வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பட்டைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. பேண்டரோல் என்பார்கள். அரசாங்கம் அச்சிட்டது, வரிக்கானது, தபாலுக்கு ஆகாதது. சிண்ட்ரெல்லாவின் இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பெட்டியைத் திறந்தாலே கிழியும்படி ஒட்டப்பட்டதால் முழுசாகக் கிடைப்பது கடினம். படத்தை உரித்த பிள்ளைகள் பட்டையைத் தூக்கி எறிந்தார்கள், நானும் எறிந்திருக்கிறேன். இன்றைக்குப் படம் நூறு கிடைத்தால் பட்டை ஒன்று கிடைப்பதில்லை.

இவற்றை ஒட்டிய கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரச்சீவல் பெட்டி இருந்த காலத்தில், பெட்டி மடிப்பதும் லேபிள் ஒட்டுவதும் வீட்டுத் திண்ணையில் நடந்தது. சீவலும் தாளும் எண்ணிக் கொடுப்பார்கள், 144 பெட்டி ஒரு குரோஸ். ஒரு பாட்டியிடம் கேட்டபோது அவர் விரலை மடக்கிக் காட்டினார். பசையை நடுவிரலால் இழுப்பாராம், கட்டைவிரலால் படத்தை அழுத்துவாராம். படம் கோணலாகப் போனால் அந்தப் பெட்டிக்குக் கூலி கிடையாது. "என்னா படம்னு பாக்கறதுக்கு எங்க நேரம் கீது?" என்றார். பிள்ளைகளும் இந்த வேலையைச் செய்தார்கள். தீப்பெட்டியிலும் பீடியிலும் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. என் ஆல்பத்தில் இருக்கும் சில லேபிள்களின் ஓரத்தில் பசையோடு பதிந்த விரல் தடம் உண்டு. மிகச் சிறிய விரல்கள். அவற்றைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு அட்டைப் பெட்டி வந்தது. படம் நேராக அட்டையிலேயே அச்சாகிவிடுவதால் உரிப்பதற்கு லேபிள் இல்லை. பீடியிலும் அப்படித்தான். 2016 ஏப்ரல் முதல் சுற்றுத்தாளில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டது. மக்கள் உடம்புக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. லேபிள் ஓவியம் அத்தோடு ஒரு மூலைக்குப் போனது.

ஊர்ப் பெயரைப் பார்த்து வயது சொல்வது

தபால்தலைக்கு நாள் தேதியோடு கேட்டலாக் இருக்கிறது. லேபிளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் நம் ஊர் லேபிள்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்த மாவட்டத்தின் பெயரை அரசாங்கம் இத்தனை முறை மாற்றியிருக்கிறது, ஒவ்வொரு மாற்றமும் லேபிளின் அடிவரியில் தடம் விட்டுப் போயிருக்கிறது.

மெட்ராஸ் ஸ்டேட் என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன் தொடங்கிய அச்சு. விலை நயா பைசாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பின், பெரும்பாலும் 1964க்குள். ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்கு முன் இருக்க வழியே இல்லை, அன்றைக்குத்தான் பின்கோடு வந்தது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று முழுசாக இருந்தால் 1989 செப்டம்பர் பிரிவினைக்குப் பிறகு. வேலூர் மாவட்டம் என்பது தொண்ணூறுகளின் பிற்பகுதி. வாணியம்பாடியோ ஆம்பூரோ திருப்பத்தூர் மாவட்டம் என்றிருந்தால் 2019க்குப் பின். தீப்பெட்டியில் விலையும் உதவும்: 2007இல் ஒரு ரூபாய், 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய்.

எழுத்தும் பேசும். இன்றைய ஐகாரக் கொம்புக்குப் பதில் யானைத் தும்பிக்கை போன்ற வளைவு போட்ட பழைய லை, னை, ணை இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வார்ப்பு என்று சட்டென்று சொல்லத் தோன்றும். இங்கேதான் நான் பலமுறை தவறியிருக்கிறேன். அச்சகத்தில் பழைய பிளாக்கையும் பழைய எழுத்தையும் தேயும்வரை ஓட்டுவார்கள். முதலாளிக்கு லேபிள் மீதமிருந்தால் மாவட்டம் பிரிந்தால் என்ன, மாநிலப் பெயர் மாறினால் என்ன, தீரும்வரை ஒட்டுவார்கள். புது எழுத்து இருப்பதாலேயே 1978க்குப் பின் என்றும் சொல்ல முடியாது, பெரியார் 1935லேயே குடி அரசில் அந்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். ஆக, விதி இதுதான்: லேபிளில் இருக்கும் புது விஷயம், இதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லும். பழைய விஷயம், இதற்குப் பின் அச்சாகவில்லை என்று ஒருபோதும் சொல்லாது.

என்னிடம் இருக்கும் ஒரு லுங்கி டிக்கெட்டை வைத்துப் பாருங்கள். மேலே பொன்மையில் இரண்டு யானை, நடுவில் கட்டம் போட்ட துணி மடிப்பு. கீழே குடியாத்தம், வ.ஆ. மாவட்டம், 632602. தும்பிக்கை வைத்த லை ஒன்று. பழைய லை-யை மட்டும் பார்த்து அறுபதுகள் என்று வாங்கிவந்தேன். பின்கோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. எழுபத்திரண்டுக்குப் பின், அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

போலியும் சட்டமும்

இந்தியச் சிண்ட்ரெல்லாக்களில் பெயர் பெற்றவை ஆசாத் ஹிந்த் தலைகள். நேதாஜியின் இயக்கத்துக்காக 1943இல் ஜெர்மனியில் அச்சிடப்பட்டு, ஒரு கடிதத்தில்கூடப் பயன்படாமல் போனவை. இவற்றுக்கு ஆசைப்படாதவர் இல்லை, அதனால் போலியும் ஏராளம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் பணம் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இல்லாத நாட்டின் பெயரில் ஸ்டாம்பு அச்சிட்டு விற்கும் வியாபாரமும் உலகில் உண்டு. லேபிள் சேகரிப்பது குற்றமல்ல. ஆனால், ஒரு அரசாங்கம் தபால் கட்டணத்துக்கு வெளியிட்டது என்று பாசாங்கு செய்யும் பொய்த் தலையை அச்சிடுவதும் தெரிந்தே விற்பதும் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 263ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 186ஆவது பிரிவு. அது வெளிநாட்டு அரசாங்கத்தின் பெயருக்கும் பொருந்தும். டி.பி. சீலும் தீப்பெட்டிப் படமும் யாரையும் ஏமாற்றுவதில்லை, அதனால் அவற்றுக்கு இந்தப் பயம் இல்லை. தபாலில் ஒட்டுவதானால் பின்பக்கம் ஒட்டுங்கள். தபால்தலை என்று மயங்கக்கூடிய லேபிளை முகவரிப் பக்கத்தில் ஒட்டக் கூடாது என்பது உலகத் தபால் ஒன்றியத்தின் விதி. என் உறையில் சிலுவை பின்பக்கம் இருந்ததும், கத்தரிக்குத் தப்பியதும் அதனால்தான்.

ஊறவைக்காதீர்கள்

தபால்தலைக்காரர்களின் முதல் பாடம், கிண்ணத்தில் தண்ணீர் வைத்து ஊறவைப்பது. லேபிளுக்கு அது கேடு. பழைய தீப்பெட்டி லேபிளின் சிவப்பும் ஊதாவும் தண்ணீர் பட்டதும் ஓடும். பீடிச் சுற்றுத்தாள் கூழாகிவிடும். முடிந்தவரை பெட்டியோடு, உறையோடு, ரசீதோடு வையுங்கள். இடம் இல்லை என்றால், பிரிக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து, எந்த ஊரில், யார் வீட்டில், எந்த மூட்டையில் கிடைத்தது என்று பென்சிலால் தனிச் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். லேபிளின் முதுகில் எழுத வேண்டாம்.

அடுத்தது பூச்சி. மைதாப் பசை இருக்கும் இடத்துக்கு வெள்ளிப் பூச்சியும் கரப்பானும் வரும். பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அப்படிக் கலந்த பசை தப்பிக்கும், மற்றது தப்பாது. வேலூர் வெயிலில் காகிதம் முறுகும், மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டும். பிளாஸ்டிக் கவருக்குள் அடைத்து பீரோவில் வைத்த என் முதல் கட்டு, ஒரு ஐப்பசியில் ஒரே பாளமாகிவிட்டது. இப்போது ஒவ்வொன்றுக்கும் இடையில் எண்ணெய் ஏறாத வெண்தாள் வைத்து, அட்டைப் பெட்டியில் படுக்கையாக அடுக்குகிறேன். மாதம் ஒருமுறை நிழலில் திறந்து காற்றாட விடுகிறேன்.

வேலூருக்கு என்று தபால் துறை வெளியிட்ட தலைகள் மிகக் குறைவு. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியின் இருநூறாவது ஆண்டுக்கு, 2006இல் ஒன்று வந்தது. அதை வாங்க எந்த ஸ்டாம்பு வியாபாரியிடமும் போகலாம். குடியாத்தம் தீப்பெட்டியின் கலால் பட்டையோ, திருவண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் விற்ற டி.பி. சீலோ வேண்டுமென்றால் வியாபாரியிடம் கிடைக்காது. வீடு மாறுகிறவர்களிடமும் பரணைச் சுத்தம் செய்கிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். லாங்கு பஜார் கடைக்காரரிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது மூட்டை வந்தால் முதலில் உறைகளைக் கவிழ்த்துப் பார்க்கிறார். போன வாரம் போன் செய்து, "சார், பின்னாடி சிலுவ போட்டது இன்னொண்ணு கீது, ஆனா இது பச்சையா கீது" என்றார். இன்னும் போய்ப் பார்க்கவில்லை. பச்சையில் இருப்பது எந்த ஆண்டுச் சீல் என்று பார்க்க வேண்டும்.